இன்னும் ஒரு வருஷம்

கன்னியப்பனின் ரைஸ் மில் ஆபீஸ் ரூமில் மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். ஏசுதாஸ் மட்டும் கதவை ஒட்டி நின்றான். மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவனை லாரி பாதி நிறையும்போதே கூப்பிட்டு அனுப்பியிருந்தார்கள். பனியனெல்லாம் தவிடு.

"வந்துட்டியா? நில்லு. ஒன்னப் பத்திதான் பேசினு கீறோம்," என்றார் கன்னியப்பன்.

மில் அவருடையது. ஹாக்கி கிளப்பும் அவருடையதுதான். மாஸ்கோ ஒலிம்பிக்கில் இந்தியா தங்கம் வாங்கியபோது ரேடியோவை விட்டு நகராமல் கிடந்தவர் அவர். அந்த உற்சாகம் தணிவதற்குள் உத்திரமேரூருக்கென்று ஒரு டீம் கட்டிவிட்டார். சட்டை, ஸ்டிக், வெளியூர் போக மில்லின் மட்டடார் வேன், ஆட்டம் முடிந்தால் பரோட்டா. எல்லாம் அவர் செலவு. அவர் மகன் சேட்டு சென்டர் பார்வர்ட். தாலுக்கா ஆபீஸ் கிளார்க் வேதாசலம் கேப்டன்; ஆடுவது பின்வரிசையில் லெப்ட் பேக். வேதாசலத்தின் தங்கை பவளத்தைத்தான் சேட்டுக்குக் கட்டிக் கொடுத்திருந்தது.

ஏசுதாஸுக்கு இது முதல் சீசன். செங்கல்பட்டு மிஷன் ஆஸ்டலில் இருந்து படித்த காலத்தில் ஹாக்கி பழகியவன். அப்பா செத்ததும் படிப்பை விட்டுவிட்டு வந்து, அம்மா மார்த்தாள் நெல் காயவைக்கும் அதே மில்லில் மூட்டை தூக்கச் சேர்ந்தான். முன்வரிசையில் லெப்ட் இன் ஆட ஆளில்லை என்று வேதாசலம்தான் அவனைத் தேடிப் பிடித்து டீமுக்குள் கொண்டுவந்தார். தை மாசம் வந்தவன். இப்போது வைகாசி. டீம் பைனலுக்கு வந்திருந்தது.

"நீ சொல்லு வேதாசலம், பையன் எப்பிடி?" என்றார் கன்னியப்பன்.

"நல்லா ஆடறான் மாமா," என்றார் வேதாசலம். அதற்கு மேல் அவர் ஏதோ சொல்லப் போகிறார் என்று ஏசுதாஸ் காத்திருந்தான். அவர் மேஜை மேல் இருந்த நெல் மாதிரிகளைக் கிளறிக்கொண்டிருந்தார்.

சேட்டு காலை ஆட்டிக்கொண்டே பேசினான். "ஸ்பீடு கீது. கண்ணும் கீது. ஆனா பந்து போச்சின்னா போச்சி, பின்னால எறங்க மாட்டான். அப்பிடியே மேல நின்னுகினு வேடிக்க பாப்பான். ரிவர்ஸ் ஸ்டிக்கு சுத்தமா வரல. ஓரத்துல மாட்டிக்கினான்னா வுட்டுக் குடுக்காம பந்த வெச்சிக்கினே சுத்துவான்."

ஒவ்வொன்றும் உண்மைதான். பந்து கைவிட்டுப் போனதும் அது அடுத்து எங்கே வந்து விழும் என்றுதான் ஏசுதாஸின் புத்தி போகும். திரும்பி ஓடிப் பிடுங்கத் தோன்றாது. ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து ஆடும் ரிவர்ஸும் வராது. சேட்டு சொன்னதில் ஒரு பொய் இருந்தாலாவது அதைப் பிடித்துக்கொண்டு மனசுக்குள் சண்டை போட்டிருப்பான். சொல்லாமல் விட்டதுதான் இருந்தது. சேட்டு இந்த சீசனில் போட்ட கோல்களில் முக்கால்வாசி இவன் இரண்டு ஆளை இழுத்துக்கொண்டு போய் நடுவில் தள்ளிவிட்ட பந்து. தாமல் டீமோடு ஆடிய ஆட்டத்தில் சேட்டு செய்தது ஸ்டிக்கை வைத்துக்கொண்டு நின்றது மட்டும்தான்.

"புதன்கெழம செங்கல்பட்டுல செலக்சன்," என்றார் கன்னியப்பன். "மெட்ராஸ் பாக்டரி டீமுக்கு ஆள் எடுக்கிறாங்க. ஆட்றவனுக்கு வேலயும் குடுக்கிறாங்க. பைனலுக்கு வந்த கிளப்பு ரெண்டு பேர அனுப்பலாம். நம்ம பக்கம் சேட்டும் கோல்கீப்பரும் போறாங்க. ஏசு, நீ இன்னும் பயுக்கல. இன்னும் ஒரு வருஷம் ஆவட்டும். இன்னா?"

"சரிங்க மொதலாளி."

"நாளையிலேர்ந்து மூட்ட தூக்காத. முதுவு போயிடும். எட மிஷின்ல நில்லு. அடுத்த வருஷம் நீதான் வைஸ் கேப்டன்."

ஏசுதாஸ் கும்பிட்டான். உண்மையாகவே சந்தோஷமாகத்தான் இருந்தது. களத்தைத் தாண்டி பாதி ஏற்றிய லாரிக்கு வந்து அடுத்த மூட்டைக்குக் கொக்கி போட்ட பிறகுதான், தன்னை எதற்காகப் பாராட்டினார்கள் என்று புரிந்தது. நன்றாக ஆடியதால்தான் அவனை அனுப்பவில்லை. இன்னும் நன்றாக ஆடினாலும் அனுப்ப மாட்டார்கள். மோசமாக ஆடினால் மெட்ராஸ்காரன் எடுக்க மாட்டான். எந்தப் பக்கம் யோசித்தாலும் அதே மில்லில் வந்து முட்டியது.

சாயங்காலம் ஏரிக்கரை மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போன வேதாசலத்தை ஓடிப் பிடித்தான்.

"சார், நீங்க ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்."

வேதாசலம் நிற்கவில்லை. சைக்கிள் தள்ளியபடியே பேசினார். "சொல்லிருக்கலாம்டா. நான் இத்தினி வருஷம் ஆடிகீறேன், ஒன்ன மாதிரி ஒரு லெப்ட் இன் கூட ஆடினதில்ல. அதச் சொன்னா மாமா இன்னா கேப்பாரு தெரியுமா? அப்ப என் புள்ள யாருடான்னு கேப்பாரு. எந்தங்கச்சி அந்த வூட்லதான் வாக்கப்பட்டு கீது. நான் இங்க ஒரு வார்த்த ஒசத்திப் பேசினா அங்க அதுக்கு சோறு எறங்காது."

ஏசுதாஸ் கூடவே நடந்தான். கரை முடிகிற இடத்தில் வேதாசலம் நின்றார்.

"ஒண்ணு கீது. ஞாயித்துக்கெழம காஞ்சிவரத்துல பைனலப் பாக்க அந்த பாக்டரி கோச்சே வர்றாரு. தணிகாசலம்னு பேரு. யாரும் சொல்லித் தர வேணாம், அவரே கண்ணால பாத்துப்பாரு. ஆடு. ஒன் ஆட்டத்த ஆடு."

அன்றைக்கு ராத்திரிச் சோறு போடும்போது மார்த்தாள் நிறைந்த முகமாக இருந்தாள். எடை மிஷின் வேலை விஷயம் அதற்குள் களம் முழுக்கத் தெரிந்திருந்தது. மில்லுக்குப் பின்னால் இருந்த லைன் வீடுகளில் ஒன்றில்தான் அவர்கள் இருந்தார்கள். மில்லில் வேலை செய்கிறவர்களுக்கு விட்ட வீடு.

"மொதலாளி சம்சாரம் இன்னிக்கி என்னப் பேரு சொல்லிக் கூப்புட்டாங்கடா. மார்த்தா, ஒம் புள்ளயப் பத்திதான் வூட்ல பேச்சுன்னாங்க."

"மெட்ராஸ்ல வேல கெடச்சா போயிடலாமாம்மா?"

அவள் கரண்டியை வைத்தாள். "நீ போவ. நானு? நீ இங்க வேல செய்யலன்னா இந்த வூடு இன்னா ஆவும்? எனக்கு இடுப்பு போச்சி, இன்னும் எத்தினி நாளு களத்துல நெல்லு தள்ளுவேன்?" பிறகு குரலை இறக்கிக்கொண்டாள். "நான் ஒன்ன போவாதன்னு சொல்லல. இன்னா அவசரம்னு கேக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை வேன் காஞ்சிபுரம் எல்லைக்குள் நுழைந்தபோது சேட்டு முன் சீட்டிலிருந்து திரும்பினான். யார் எந்த இடம் என்று ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு வந்தான்.

"ஏசு, நீ இன்னிக்கி லெப்ட் பேக்கு."

வேனில் எல்லாரும் ஏசுதாஸைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அது என் எடமாச்சே," என்றார் வேதாசலம்.

"நீ ரைட் பேக்குக்குப் போ மச்சான். நைனாதான் சொன்னாரு. இவன் பின்னால எறங்கக் கத்துக்கணும் இல்ல? பின்னாலயே நிக்க வெச்சா கத்துக்கறான்."

கன்னியப்பன் டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மைதானத்தில் நல்ல கூட்டம். கோடு புதிதாகச் சுண்ணாம்பில் போட்டிருந்தார்கள். தணிகாசலம் துணிப் பந்தலுக்குக் கீழே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஏசுதாஸ் தன் கோலுக்கு முன்னால் நின்று எதிர்க் கோலைப் பார்த்தான். ஒரு சீசன் முழுக்க அவன் வேலை செய்த இடம் அந்தக் கோடியில் இருந்தது. அங்கே சேட்டு ஓடினான், புதிய லெப்ட் இன் ஓடினான், பந்தை ஒருத்தருக்கொருத்தர் தட்டிவிட்டுத் தொலைத்தார்கள். எங்கே தட்டியிருக்க வேண்டும் என்று இவனுக்கு இங்கிருந்தே தெரிந்தது. வந்த பந்தைத் தடுத்தான், அடித்து விரட்டினான், மறுபடி நின்றான். முதல் பாதி முழுக்க அப்படியே போனது. கோல் யாருக்கும் இல்லை.

ஆட்டம் முடியக் கொஞ்ச நேரம் இருந்தபோது காஞ்சிபுரத்துக்காரன் ஒருவன் தள்ளிய பந்து அவன் ஸ்டிக்கில் வந்து தங்கியது. எதிரே ஆளில்லை. அவன் எதையும் தீர்மானிக்கவில்லை, கால் போய்விட்டது. நடுக்கோடு தாண்டும்போது பின்னாலிருந்து வேதாசலம், "ஏசு! குடுத்துட்டு வா!" என்று கத்தியது கேட்டது. எதிராளிகளின் நடுவரிசை ஹாப் ஒருவன் குறுக்கே வந்தான். வலம் காட்டி இடமாக எடுத்துக்கொண்டான். அடுத்தவன் ஸ்டிக்கை நீட்டினான், பந்தை அதற்கு மேலாகத் தூக்கிவிட்டான். கூட்டம் எழுந்து நின்றது. கோலுக்கு முன்னால் வளைத்துப் போட்ட டி-க்குள் நுழைந்தபோது வலப்பக்கம் சேட்டு தனியாக நின்றான். "குடு! குடுடா!" என்று ஸ்டிக்கால் தரையைத் தட்டினான்.

குடுத்திருக்க வேண்டும். ஏசுதாஸுக்கு அது அந்த நொடியிலேயே தெரியும். அஞ்சு மாசம் குடுத்தாயிற்று, இன்றைக்கு மாட்டேன் என்று கை முடிவு செய்தது. அடித்தான். பந்து கோல்கீப்பரின் காலில் பட்டு வெகுதூரம் தெறித்தது.

அதை எடுத்தவன் நிமிர்ந்து பார்த்தான். உத்திரமேரூரின் லெப்ட் பேக் இருக்க வேண்டிய இடம் வெட்டவெளியாகக் கிடந்தது. இரண்டே அடியில் அங்கே போய்ச் சேர்ந்தது பந்து. வேதாசலம் ஒருவர் குறுக்கே ஓடினார், இரண்டு பேரை ஒருவர் என்ன செய்வார். கோல். ஏசுதாஸ் எதிர்க் கோலுக்குப் பக்கத்தில் நின்று அதைப் பார்த்தான்.

ஒரு கோலில் தோற்றார்கள்.

பந்தலுக்கு அருகே எல்லாரும் வியர்வையோடு நின்றிருந்தபோது தணிகாசலம் கன்னியப்பனிடம் வந்தார். "அந்த லெப்ட் பேக் யாருங்க? கை நல்ல கை. ஆனா இடத்த விட்டு ஓடுற பேக்க வச்சிக்கிட்டு நான் என்ன செய்யறது?"

"மொத வருஷம் சார். கத்துக்குவான்," என்றார் கன்னியப்பன்.

"அவன் பேக்கு இல்ல சார்."

வேதாசலம்தான் பேசியது. எல்லாரும் திரும்பினார்கள். அவர் முழங்கால் சிராய்த்து ரத்தம் வழிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "லெப்ட் இன். சீசன் பூரா அங்கதான் ஆடினான். இன்னிக்கித்தான் பின்னால நிக்க வெச்சோம். சேட்டு போட்ட கோலெல்லாம் இவன் குடுத்த பந்து சார்."

தணிகாசலம் கண்ணாடியைக் கழற்றி ஏசுதாஸைப் பார்த்தார். பிறகு கன்னியப்பனைப் பார்த்தார். என்ன நடந்திருக்கும் என்று அவருக்குப் புரிந்ததா, தெரியாது. "அப்படியா? சரி, புதன்கிழமை இவனையும் அனுப்புங்க. பாக்கறேன்."

"அதுக்கின்னா சார், அனுப்பினா போச்சி," என்று கன்னியப்பன் சிரித்தார்.

திரும்பி வரும்போது கன்னியப்பன் வழியில் வேனை நிறுத்தச் சொல்லி எல்லாருக்கும் பரோட்டா வாங்கிக் கொடுத்தார். ஏசுதாஸின் இலையில் தன் கையாலேயே இன்னொன்று வைத்தார்.

திங்கட்கிழமை மார்த்தாள் களத்திலிருந்து செய்தி கொண்டுவந்தாள். "பவளம் பொட்டியத் தூக்கினு அண்ணன் வூட்டுக்கு வந்துட்சாம்டா. கேப்டன் காஞ்சிவரத்துல இன்னாவோ பேசிட்டாராமே, அதான் தள்ளி வுட்டாங்கன்னு பேசிக்கிறாங்க. நீ இயுத்துவுட்ட பேஜாரு யாரு தலயில வந்து வெடிஞ்சிகீது பாரு."

ஏசுதாஸ் அன்றைக்கு எடை மிஷினில் தப்புத் தப்பாகப் படித்தான். வேதாசலம் வீட்டுப் பக்கம் போகவே பயமாக இருந்தது. போய் என்ன சொல்வது? தனக்காக ஒரு மனுஷன் வாயைத் திறந்தார். அவர் தங்கை பெட்டியோடு வாசலில் வந்து நிற்கிறாள். இவன் புதன்கிழமை செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினால் அந்தப் பெட்டி அங்கேயேதான் இருக்கும். யோசித்து யோசித்து செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆபீஸ் ரூமுக்குப் போனான்.

"மொதலாளி, நான் செலக்சனுக்குப் போவல."

கன்னியப்பன் தலை தூக்கினார். "ஏன்டா?"

"நீங்க சொன்னாப்ல ஒரு வருஷம் ஆவட்டும்."

"ஒன் இஷ்டம். நான் தடுக்கல, பாத்துக்கோ," என்றார். "அப்புறம் வந்து மொதலாளிதான் வுடலன்னு சொல்லக் கூடாது."

"இல்லீங்க."

"நல்ல புள்ளடா நீ."

புதன்கிழமை காலையில் சேட்டும் கோல்கீப்பரும் வேனில் கிளம்பினார்கள். அவர்கள் ஸ்டிக்கை வேனில் எடுத்துவைத்தது ஏசுதாஸ்தான்.

சாயங்காலம் மனசு பொறுக்காமல் வேதாசலம் வீட்டுக்குப் போனான். வாசலிலேயே நின்றான், அந்தத் தெருவில் அவன் எப்போதும் வாசலோடுதான். வெளியே வந்தது பவளம். தலைமுடி காயவைத்துக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது, அப்படியே விரித்துப் போட்டிருந்தாள்.

"ஏசுவா? அதுக்குள்ள வந்துட்டியா? இன்னா ஆச்சி, எடுத்துக்கினாங்களா?"

"நான் போவலம்மா."

"ஏன்?"

அவன் தட்டுத் தடுமாறிச் சொன்னான். அவள் பொருட்டுத்தான் போகவில்லை என்பதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. மொதலாளியிடம் சொல்லிவிட்டேன், இனி அவள் வீட்டுக்குப் போகலாம், ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றான்.

பவளம் முடியை அள்ளி முடிந்துகொண்டாள். "என்னத் தள்ளி வுட்டாங்கன்னு ஒனக்கு யாரு சொன்னாங்க?"

"எல்லாரும் பேசிக்கிறாங்க."

"என்ன யாரும் அனுப்பல. நானேதான் வந்தேன். அந்த வூட்ல வாக்கப்பட்டு மூணு வருஷம் ஆவுது. வாசலத் தாண்டணும்னா கேக்கணும், கோயிலுக்குப் போவணும்னா கேக்கணும், எங்கண்ணன் வூட்டுக்கு வரணும்னா நாலு நாளு கெஞ்சணும். அன்னிக்கி ஆட்டம் தோத்துட்டு வந்து, ஒங்கண்ணன் எல்லார் முன்னாலயும் வாயத் தொறந்துட்டான்னு அவரு தாம்தூம்னு குதிச்சாரு. எனக்கு சிரிப்பு வந்துட்சி. எங்கண்ணனே தொறந்துட்சி, நான் ஏன் மூடிக்கினு கீறேன்னு பொட்டிய எடுத்தேன். மாமியார் அழுவுறாங்க, திரும்பி வாம்மான்னு ஆளு மேல ஆளு வுடறாங்க. நீ செங்கல்பட்டு போனாலும் போவாட்டியும் நான் அங்க போறதா இல்ல."

ஆபீஸிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கிய வேதாசலம் அவனைப் பார்த்ததும் முகம் மாறினார். "நீ இன்னா இங்க கீற? செங்கல்பட்டுல கீறன்னு நெனச்சினு ஆபீஸ்ல ஒக்காந்துகினு இருந்தேனேடா! பொயுது பூரா அதே நெனப்பு!"

ஏசுதாஸால் அங்கே நிற்க முடியவில்லை. ஏரிக்கரை வரை ஓட்டமும் நடையுமாக வந்தான். யாரும் கேட்காத ஒன்றைத் தானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். பவளத்துக்காக என்று சொல்லிக்கொண்டது முழுக்க உண்மையா என்று இப்போது சந்தேகமாக இருந்தது. லைன் வீடு, அம்மாவின் இடுப்பு, மெட்ராஸில் தோற்றுவிட்டால் என்ற பயம், எல்லாம் ஒரு காரணத்துக்காகக் காத்துக்கிடந்தன. காரணம் கிடைத்ததும் பிடித்துக்கொண்டான்.

கோச் இன்னும் செங்கல்பட்டில்தான் இருப்பார், போய்ப் பார்க்கிறேன் என்று வியாழக்கிழமை காலை மார்த்தாளிடம் மட்டும் சொன்னான். அவள் தடுக்கவில்லை. பழைய சோற்றைப் பிழிந்து தூக்கில் வைத்துக் கொடுத்து, "பாத்துப் போ," என்றாள். ஸ்டிக்கைச் சாக்கில் சுற்றிக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினான். நிற்க இடமில்லை.

மைதானத்தில் கோல் வலையை அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். தணிகாசலம் ஒரு மரத்தடியில் நின்று ஸ்டிக்குகளை எண்ணி ஜீப்பில் வைத்துக்கொண்டிருந்தார்.

"சார், உத்திரமேரூர் ஏசுதாஸ் சார்."

அவர் யோசித்தார். "ஆ, அந்த லெப்ட் பேக்கா?"

"லெப்ட் இன் சார்."

"நேத்து இல்ல வரச் சொன்னேன்? உங்க கிளப்காரங்க வந்தாங்க. நீ வர விருப்பப்படலன்னு சொன்னாங்களே."

"ஒரு பத்து நிமிஷம் ஆடிக் காட்டறேன் சார்."

தணிகாசலம் காலி மைதானத்தைப் பார்த்தார். எரிச்சலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். "யாரோட ஆடுவே? எல்லாரும் போயிட்டாங்க. பார்வர்டுக்கு ரெண்டு பேர எடுத்தாச்சு, ரெண்டு பேரும் காஞ்சிபுரத்துப் பசங்க. அடுத்த வருஷம் பாப்போம். கிளப்புல சொல்லிட்டு வா."

அவர் ஜீப் போன பிறகும் ஏசுதாஸ் சாக்கை அவிழ்க்கவில்லை. மைதானத்து ஓரமாக உட்கார்ந்து தூக்கைத் திறந்து சோற்றைச் சாப்பிட்டான். பசியாகத்தான் இருந்தது.

வெயில் தாழ்ந்த நேரத்தில் மில்லுக்குத் திரும்பினான். கன்னியப்பன் களத்தில் நின்று நெல்லைக் கையில் தேய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்கைப் பார்த்தார், அவன் சட்டையைப் பார்த்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

"ஏன்டா, பஸ்ல முட்டி மோதினு போவணுமா? ஒரு வார்த்த சொல்லிருந்தா நம்ம வேன்லயே அனுப்பிருப்பேனே," என்றார். தோளில் கை போட்டார். "சரி வுடு. அடுத்த வருஷம் நானே கூட்டினு போறேன்."

அவர் மேல் கோபம் வர வேண்டும் என்று ஏசுதாஸ் எதிர்பார்த்தான். அந்தக் கை தோளில் கிடந்தவரை காத்திருந்தான். வரவில்லை. அவர் பொய் சொல்லவில்லை. கேட்டிருந்தால் வேனில் கூட்டிக்கொண்டு போயிருப்பார். அதே வேனில் திரும்பக் கூட்டிக்கொண்டும் வந்திருப்பார்.

தென்னேரியிலிருந்து நெல் ஏற்றிய லாரி ஒன்று களத்துக்குள் வந்து நின்றது. எடைக்கு ஆள் கேட்டு டிரைவர் ஹாரன் அடித்தான். ஏசுதாஸ் சட்டையைக் கழற்றி மடித்து சாக்கின் மேல் வைத்துவிட்டுப் போனான்.